அமைச்சருக்குப் பிடித்த துப்பாக்கி

கேள்வி: முதல் உலகப் போரின்போது, 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில், நச்சுவாயுவுக்கு நடுவிலும் பின்வாங்காமல் நின்ற கனடியச் சிப்பாய்களைப் பற்றிப் படித்து வியந்தேன். ட்ரோன்களும் ஏவுகணைகளும் சண்டையிடும் இக்காலத்தில், அத்தகைய வீரத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டதல்லவா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: ஈப்ரில் அவ்வளவு வீரம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்திருந்தால், இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். ஏப்ரல் 22 மாலை ஜெர்மானியர் திறந்துவிட்ட குளோரின் வாயு, கனடியருக்குப் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை அணிகளைச் சிதறடித்தது. அந்த இடைவெளியை அடைக்க விரைந்த கனடியர்கள் மீது, 24-ஆம் தேதி காலை வாயு நேராகவே வந்தது. முகமூடி கிடையாது. தண்ணீரிலோ சிறுநீரிலோ நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அவர்கள் சுட்டார்கள். வாயு புதிய ஆயுதம், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அதற்காவது சமாதானம் சொல்லலாம். கையிலிருந்த துப்பாக்கிக்கு அந்தச் சமாதானமும் செல்லாது.

அது கியூபெக்கில் தயாரான ராஸ் துப்பாக்கி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் பிரிட்டனிடமிருந்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் கிடைக்காததால், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கனடா நினைத்தது நியாயமான ஆசைதான். இலக்குச் சுடும் போட்டிகளில் ராஸ் பரிசுகளையும் வென்றது. ஆனால் சேறு படிந்தாலும், தொடர்ந்து வேகமாகச் சுட்டுச் சூடேறினாலும், பிரிட்டனில் தயாரான தோட்டாக்களைப் போட்டாலும் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அதன் போல்ட் இறுகிக்கொண்டது. எதிரி நெருங்கி வரும் நேரத்தில் அதைப் பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறக்க வேண்டியிருந்தது. அந்தப் போரில் உயிர் தப்பிய ஏறத்தாழ 5,000 பேரில் 1,400-க்கும் மேற்பட்டோர் ராஸை எறிந்துவிட்டு, மாண்டுபோன பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். ஆயுதத்தை எறிவது படையில் தண்டனைக்குரிய குற்றம் என்று தெரிந்தே அவர்கள் செய்த இந்தக் காரியத்தை, அந்தத் துப்பாக்கியைப் பற்றிய நேர்மையான சோதனை அறிக்கையாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒட்டாவாவில் இருந்த படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குறை சொன்ன கனடியப் படைத் தளபதி ஆல்டர்சனைத் தாக்கிக் கடிதம் எழுதியதோடு, அதன் நகல்களை அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கே அனுப்பினார். 1916 மே மாதம் ஆல்டர்சன் மாற்றப்பட்டார். கனடியப் படை முழுவதிலிருந்தும் ராஸ் விலகுவதற்கு அந்த ஆண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று. ஹியூஸின் பதவி நவம்பரில் பறிபோனது. தன் செயலாளரான பெண்மணியின் பெயரில் காப்புரிமை பெறப்பட்ட, தகட்டில் துளையுள்ள மண்வெட்டிகள் 25,000 வாங்கியவரும் இவரே. தரையில் நட்டுக் கேடயமாக்கித் துளை வழியே சுடலாமாம். தகடு தோட்டாவைத் தடுக்கவில்லை, துளை மண்ணைத் தாங்கவில்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போயின.

அதே படை 1917 ஏப்ரலில் பிரான்சில் உள்ள விமி குன்றைப் பிடித்தபோது, மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற ஆண்ட்ரூ மெக்நாட்டன் என்ற அதிகாரி, ஒலிவாங்கிகளைக் கொண்டும் வெடிப்பின் ஒளியைக் கவனித்தும் ஜெர்மானியப் பீரங்கிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே கணித்திருந்தார். சாதாரணச் சிப்பாய்க்கும் வரைபடம் கொடுக்கப்பட்டது. அப்படியும் நான்கு நாள்களில் 3,598 பேர் மாண்டார்கள். கருவி சிறந்தபோது வீரத்துக்கு வேலை குறைந்தது என்று அந்த எண்ணைப் பார்த்த பிறகு சொல்ல முடியாது. குன்று கைக்கு வந்தது என்பதுதான் வேறுபாடு.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2003 அக்டோபரில் காபூல் அருகே கண்ணிவெடியில் இரண்டு கனடியச் சிப்பாய்கள் இறந்தது, கவசமே இல்லாத இல்டிஸ் ஜீப்பில். டாங்கிகளின் காலம் முடிந்தது, சக்கர வாகனங்களே போதும் என்று கனடா முடிவெடுத்ததும் அதே ஆண்டில்தான். 2006-இல் காந்தஹாருக்கு லெப்பர்ட் டாங்கிகளை அனுப்ப வேண்டி வந்தது, மறு ஆண்டு ஜெர்மனியிடம் புதிய ரகத்தைக் கடனாகக் கேட்க வேண்டியும் வந்தது. ஆப்கானிஸ்தானில் இறந்த 158 கனடியப் படையினரில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றவை, எளிய பொருள்களால் செய்து சாலையில் புதைக்கப்பட்ட குண்டுகள்.

ட்ரோன்களைக் குறிப்பிட்டீர்கள். வானிலிருந்து வரும் தாக்குதலைத் தரையிலிருந்து தடுக்கும் ஏவுகணைகளைக் கனடிய இராணுவம் 2012 வாக்கில் கைவிட்டது. மாற்று எதையும் வாங்கவில்லை. அந்த நிலையிலேயே 2017 முதல் லாட்வியாவில் நேட்டோ படைப்பிரிவொன்றைத் தலைமை தாங்கி நடத்தியது. அங்கிருந்த சிப்பாய்கள் சிலர் நவீனத் தலைக்கவசங்களைச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டது 2023-இல் செய்தியாயிற்று. சிப்பாய்களே சுமந்து சென்று இயக்கக்கூடிய சிறிய விமான எதிர்ப்பு ஏவுகணைகளுக்கு அரசு ஒப்பந்தம் போட்டது 2024-இல்தான். அதுவும் அவசரக் கொள்முதல் என்ற பெயரில்.