ஸ்டியரிங் உதறுதா? கடலூர் மெக்கானிக்கிடம் கேளுங்கள்

அரியாங்குப்பத்திலிருந்து: அண்ணா, காரின் வேகம் 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை.

போகாது தம்பி. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. உதறலுக்குப் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சீராக்குவது. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம். கடைக்குப் போகுமுன் ரிம்மின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். காய்ந்த சேறு அப்பியிருக்கலாம். பேலன்சிங்குக்காக ஒட்டிய சின்ன வெயிட் விழுந்து அதன் பசை மட்டும் மிஞ்சியிருக்கலாம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: பஞ்சர் ஒட்டி மாட்டியதிலிருந்து நடுக்கம். பேலன்சிங்கும் செய்தாயிற்று, சார்.

கடற்கரை வீடு என்றதுமே எனக்குத் துருமேல்தான் சந்தேகம். உப்புக்காற்றில் ஹப் முகத்தில், அதாவது ரிம் பொருந்தி உட்காரும் இடத்தில், பொருக்குக் கட்டும். ரிம் அதன்மேல் உட்கார்ந்தால் மயிரிழை சாய்வு போதும், சக்கரம் ஆடும். பேலன்சிங் மெஷின் சக்கரத்தைத்தானே பார்க்கிறது, ஹப்பையா பார்க்கிறது? என் வண்டிக்கே இரண்டு முறை தண்டம் அழுதேன்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கி ஏற்றுமுன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி ஹப் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். செம்பொடி உதிர உதிர உலோகம் பளிச்சிடும். கிரீஸ் தடவாதீர்கள், பிரேக்கில் பட்டால் வம்பு. நட்டுகளைக் கையால் திருகி, பிறகு ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முடுக்குங்கள். கடைசி முடுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போது, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு. ஸ்பேனர்மேல் ஏறி மிதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது.

டயரை விடுங்கள். பிரேக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கின் கனம் ஒரே சீராக இல்லை. வீட்டு வேலை இல்லை இது. அளந்து பார்த்து மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

வில்லியனூரிலிருந்து: மாதக்கணக்கில் நிறுத்தி எடுத்தேன். முதலில் குலுங்கியது, கொஞ்ச தூரத்தில் சரியாகிவிட்டது.

நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருந்தது. சூடேறியதும் சரியாகிவிடும். காற்று மட்டும் பாருங்கள்.

முதுநகரிலிருந்து: பள்ளத்தில் இறங்கியபின் லேசான ஆட்டம். டயர் ஓரத்தில் எலுமிச்சை அளவு புடைப்பும் இருக்கிறது. பேலன்சிங் செய்யலாமா?

வேண்டாம். உள்ளே இழை அறுந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். வண்டியை எடுக்காமல் அங்கேயே ஸ்டெப்னி மாட்டுங்கள். அதில் காற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.