ஒரு ஜேபெக் சேமிக்க எதற்கு இத்தனை கிளிக்?

கேள்வி: போட்டோ எடிட்டிங் மென்பொருள்களில் சின்ன வேலைக்குக்கூட ஏன் இத்தனை கிளிக் தேவைப்படுகிறது? உங்களை அதிகம் கடுப்பேற்றுவது எது? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருத்தும்போது எத்தனை கிளிக் ஆனாலும் எனக்குப் பொறுமை உண்டு. முகத்தில் இருக்கும் ஒரு பருவை எடுக்க நாலு முறை குத்த வேண்டியிருந்தால் குத்தத்தான் வேண்டும், அதுதான் தொழில். வேலை முடிந்து படத்தை வெளியே எடுக்கும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் பெட்டிகள்தான் கடுப்பு.

ஊரில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பமெல்லாம் முகூர்த்த மாதங்களில் மட்டும். மற்ற நாட்களில் பாஸ்போர்ட் சைஸ், ஸ்கூல் ஐடி கார்டு, அப்புறம் தேர்வு விண்ணப்பத்துக்கான போட்டோ. இந்த மூன்றிலும் படத்தில் செய்கிற வேலை கொஞ்சம், சேமிக்கிற வேலை அதிகம்.

வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். "அண்ணா, இன்னைக்குத்தான் கடைசி நாள், சர்வர் வேற தொங்குது" என்று ஒரு பையன் வந்து நிற்பான். கிராப் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் கூத்து: சேவ் ஆஸ், ஃபார்மட், பெயர், ஓகே, குவாலிட்டி, ஓகே. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் சைஸ் 50-ஐத் தாண்டியிருக்கும். திரும்பவும் சேவ் ஆஸ். இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, மாற்றவா? மாற்று. இப்போது 20-க்குக் கீழே போயிருக்கும். பையன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இதற்கு போட்டோஷாப்பில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எக்ஸ்போர்ட் மெனுவுக்குள் 'சேவ் ஃபார் வெப்' என்று ஒன்று உண்டு. இப்போது பக்கத்திலேயே 'லெகசி', அதாவது பழைய வசதி, என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் நேராக அங்கே போகலாம். வலது மேல் மூலையில், ப்ரீசெட் பட்டியலுக்குப் பக்கத்தில், கவனித்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அளவில் ஒரு சின்னக் குறி இருக்கும். அதை அமுக்கினால் 'ஆப்டிமைஸ் டு ஃபைல் சைஸ்' என்று ஒரு வரி. அதில் 45 என்று போட்டால் போதும், அந்த அளவுக்கு ஏற்ற குவாலிட்டியை அதுவே தேடிக்கொள்ளும். பிக்ஸல் அளவையும் அதே ஜன்னலில் கீழே மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு உபயோகமான ஒன்றை இத்தனை சின்னக் குறிக்குள் ஒளித்து வைக்க யாருக்கு மனசு வந்ததோ!

கிளிக்குகளை எண்ணுவதைவிட, எந்தக் கிளிக் நேரத்தைத் தின்கிறது என்று பார்ப்பதுதான் உபயோகம். 1980-இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் மூவரும் கணினியில் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன்படி, மவுஸை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் குறிவைக்க சராசரியாக 1.1 விநாடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை மாற 0.4. பட்டனை அழுத்த ஏறக்குறைய 0.2. எல்லாவற்றையும்விட அதிகம், அடுத்து என்ன செய்வது என்று மனசு யோசிக்கிற நேரம்: 1.35 விநாடி.

ஆக, எதிர்பாராமல் ஒரு பெட்டி வந்து, அதைப் படித்து, மவுஸை எடுத்து ஓகே கொடுப்பதற்குள் சுமார் 3 விநாடி போய்விடும். ஒரு படத்துக்கு இது ஒன்றுமில்லை. ஜூன் மாதம் ஒரு பள்ளியிலிருந்து 300 பிள்ளைகளின் ஐடி கார்டு ஆர்டர் வந்தால், அந்த ஒரே ஒரு பெட்டிக்கு 15 நிமிடம். அதே பெட்டி எப்போதும் ஒரே மாதிரி வந்து, என்டர் தட்டினாலே போய்விடும் என்றால் எனக்குக் குறையே இல்லை, கை தானாகத் தட்டிவிடும். முன்பு நான் வைத்திருந்த ஒரு மென்பொருள் (பெயர் வேண்டாம்) போன தடவை எந்த ஃபோல்டரில் சேமித்தேன் என்பதையே மறந்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய் நிற்கும். அங்கிருந்து டி டிரைவ், பள்ளியின் பெயர், வகுப்பு, பிரிவு என்று இறங்கிப் போக வேண்டும். அதை வடிவமைத்தவர் ஒரு படத்துக்கு மேல் சேமித்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

எல்லாக் கூடுதல் கிளிக்கும் அலட்சியத்தால் வருவதும் இல்லை. கிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளின் கதை அப்படி. 2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பில் சேமிப்பதை இரண்டாகப் பிரித்தார்கள். கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் மட்டும்தான் சேமிக்கும். ஜேபெக், பிஎன்ஜி வேண்டுமானால் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ஜேபெக்கில் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே வைக்கிற அடுக்கு) நிற்காது, தெரியாமல் அதில் சேமித்து மூடினால் செய்த வேலையெல்லாம் ஒட்டிப்போய்விடும், ஆகவே இந்தப் பாதுகாப்பு என்றார்கள். நியாயம்தான். பத்து லேயர் போட்டு ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவருக்கு இது நல்லது. ஒரு ஜேபெக்கைத் திறந்து, கிராப் செய்து, ஜேபெக்காகவே திருப்பிக் கொடுக்கிறவருக்கு? பயனர்கள் கொதித்துப்போனார்கள்.

கொதிப்புக்கு முக்கியக் காரணம் ஒரு செய்திப் பெட்டி என்பது என் கணிப்பு. சேவ் ஜன்னலில் பெயரின் முடிவில் டாட் ஜேபிஜி என்று அடித்தால், இங்கே எக்ஸ்சிஎஃப் மட்டும்தான், மற்றதற்கு எக்ஸ்போர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லும். நமக்கு என்ன வேண்டும் என்பது அதற்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் செய்யாது. விண்ணப்பத்தை முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டு "இது பக்கத்து கவுண்டர்" என்று திருப்பித் தள்ளுகிற அலுவலர் மாதிரி. பிற்பாடு அந்தப் பெட்டியிலிருந்தே எக்ஸ்போர்ட்டுக்குத் தாவ ஓர் இணைப்பைச் சேர்த்தார்கள். நீங்கள் கிம்ப் ஆள் என்றால், எடிட் மெனுவில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் போய், ஃபைல் மெனுவில் இருக்கும் 'ஓவர்ரைட்' கட்டளைக்கு ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த ஜேபெக்கின் மேலேயே எழுதிவிடும். கஸ்டமரின் ஒரிஜினலைத் தனியாகக் காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், சரியா?

மேக்கில் போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் 2021-இல் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தார்கள். லேயர் உள்ள படத்துக்கு சேவ் ஆஸ் கொடுத்தால் பட்டியலில் ஜேபெக்கே இருக்காது. 'சேவ் எ காப்பி' என்று தனியாகப் போக வேண்டும். கூச்சல் கிளம்பியதும், ப்ரெஃபரன்ஸஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் பழைய சேவ் ஆஸைத் திரும்பக் கொண்டுவர ஒரு டிக் வைத்தார்கள்.

கிளிக்கைக் குறைக்கப் போய்த் திட்டு வாங்கியதும் உண்டு. 2018 அக்டோபர் பதிப்பில் போட்டோஷாப் ஒரு நல்ல காரியம் செய்தது: ஷிஃப்ட் பிடிக்காமலேயே படம் விகிதம் மாறாமல் பெரிதாகும். ஆனால் ஷிஃப்ட் பிடித்தே பழகிய கைக்கு எல்லாம் தலைகீழானது, மாப்பிள்ளை முகம் சப்பையாகிவிடும். முதலில் பழையபடி மாற்ற ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுதி செட்டிங்ஸ் ஃபோல்டரில் போட வேண்டியிருந்தது. அப்புறம்தான் ப்ரெஃபரன்ஸஸில் டிக் வந்தது. பழகிய கையை மாற்றச் சொல்வது கூடுதல் கிளிக்கைவிடக் கொடுமை என்பேன்.

சமாளிப்பது எப்படி என்று கேட்டால், எனக்கு ஆக்‌ஷன்தான் சோறு போடுகிறது: செய்கிற படிகளை ஒரு தடவை பதிவு செய்து வைத்தால் போட்டோஷாப் அதை அப்படியே திருப்பிச் செய்யும். கிராப் முடிந்த படத்தை 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, வெள்ளை பார்டர் போட்டு, 4-க்கு 6 இன்ச் தாளில் 8 காப்பி அடுக்குவது வரை ஒரே எஃப் கீயில் வைத்திருக்கிறேன். ஆக்‌ஷன் பேனலில் ஒவ்வொரு படிக்கும் இடப்பக்கம், டிக்குக்கு அடுத்து, ஒரு குட்டிப் பெட்டிக் குறி இருக்கும். அதை அணைத்துவிட்டால் அந்தப் படியில் டயலாக் பெட்டி வராது. பதிவு செய்த அளவிலேயே ஓடிவிடும். ஐடி கார்டு மாதிரி மொத்த வேலைக்கு ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸுக்குள் இமேஜ் ப்ராசஸர் இருக்கிறது. ஃபோல்டர், ஜேபெக் குவாலிட்டி, அளவு, ஓட வேண்டிய ஆக்‌ஷன் எல்லாவற்றையும் ஒரு தடவை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆக்‌ஷன் தொகுப்பை மறக்காமல் ஏடிஎன் கோப்பாகச் சேமித்து பென் டிரைவில் வையுங்கள், விண்டோஸ் படுத்தால் எல்லாமே போய்விடும்.

வெறும் அளவு குறைப்பு, ஃபார்மட் மாற்றம் மட்டும் என்றால் இவ்வளவு பெரிய மென்பொருளே வேண்டாம். படம் பார்க்க உதவும் சின்ன மென்பொருளான இர்ஃபான்வியூவைத் திறந்து 'பி' எழுத்தைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் ஜன்னல் வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது இலவசம். என்னை மாதிரி கடை வைத்திருந்தால் லைசென்ஸ் வாங்க வேண்டும்.