மூடி போட்ட வாளியிலும் புழு வருவது ஏன்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குப்பை வண்டி வரும் நேரத்தில் நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட முடிகிறது. மூடியுள்ள வாளிதான், ஆனாலும் நாற்றம், புழு. மாமியாருக்கு இன்சுலின் போடுகிறோம். அந்த ஊசிகளை எங்கே போடுவது?

பதில்: மூடியின் மேல் தப்பில்லை. காய் நறுக்கிய மேடையிலும் எச்சில் தட்டிலும் ஈ ஏற்கெனவே முட்டையிட்டிருக்கும். அதையும் சேர்த்துத்தான் வாளியில் கொட்டி மூடுகிறீர்கள். வேலூர் வெயிலில் ஒரே நாளில் பொரிந்துவிடும். ஆகவே தோல், மிச்சம் எதுவானாலும் சமையல் முடியும்வரை மேடையில் கிடக்க விடாதீர்கள்.

நாற்றத்துக்குக் காரணம் தண்ணீர். காற்றுப் புகாமல் ஊறும் கழிவுதான் அழுகி நாறும். சிங்க் ஓரமாக ஒரு பழைய வடிதட்டு வையுங்கள். டீத்தூள் சக்கை, சாம்பாரில் மிஞ்சிய காய் எல்லாம் அதில் நன்றாக வடியட்டும். அப்புறம் செய்தித்தாள் விரித்த வாளியில் போட்டு, மேலே ஒரு கைப்பிடி தேங்காய் நார்த்தூளோ காய்ந்த சருகோ தூவினால் போதும், இரண்டு நாள் தாங்கும். பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டுவது சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் மோசமாகும். தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிழித்துப் பிரிக்க வேண்டியிருக்கும். இலவம்பாடி முள்ளுக்கத்திரி வாங்கும் வீடென்றால் காம்பின் முள் அவர் கையில்தான் ஏறும்!

பிரியாணி எலும்பு, மீன் கழிவு மட்டும் இந்த வழிக்கு அடங்காது. ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் நாளில் எடுத்துப் போடுங்கள். முகம் சுளிக்காதீர்கள், நேற்றுவரை அதே கறி ஃப்ரிட்ஜில்தானே இருந்தது? தெருமுனையில் வைத்துவிட்டுப் போனால் நாயும் எலியும் வரும். அதைவிட வாளியைக் கீழ்வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

இனி ஊசி. இதை மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் சேர்க்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்றே தனியாகப் பிரித்தன. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கும் என்பதால் பழைய ஊசிதானே என்று அலட்சியம் வேண்டாம். துணி துவைக்கும் லிக்விட் வந்த கெட்டியான பாட்டில் எடுத்து, போட்ட ஊசியை உடனே அதில் தள்ளுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் திருகி மூடி, டேப் ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று பெரிதாக எழுதுங்கள். வழக்கமாக மருத்துவம் பார்க்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தூய்மைப் பணியாளரிடம் சொல்லி, தனியாகக் கையில் கொடுங்கள்.

மாமியாருக்கு நீங்கள்தான் போட்டுவிடுகிறீர்கள் என்றால், சிரிஞ்சின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். விரலில் குத்திக்கொள்வது அப்போதுதான்.