ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி எதற்கு?
தம்பி, காரைக்குடியில் இருக்கும் அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தாச்சு, சளிக்காய்ச்சல் ஊசி நெஞ்சுக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஃப்ளூ வந்தால் உடம்பு முழுக்க அழற்சி, ரத்தம் சீக்கிரம் உறையும், ரத்தக்குழாயில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புப் படிவு வெடிக்கலாம். 2018-ல் வந்த கனடா ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிட சுமார் 6 மடங்கு. ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள், வருஷா வருஷம்.

அப்புறம், தேவகோட்டையில் என் பெரியப்பா மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டு, வளவுத் திண்ணையிலேயே பிரஷர் எகிறி உட்கார்ந்துவிட்டார். அந்த மூக்கடைப்பு மாத்திரையும், இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சலோடு நெஞ்சு அழுத்தினால் சுக்குக் கஷாயம் கொதிக்கக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.