கேள்வி நேரம்: ஃபோன்ல கேத்திரகணிதம்

கேள்வி: தரம் 8 பிள்ளைகளுக்கு ஜியோஜீப்ராங்குற கணித ஆப்புல செஞ்ச முக்கோணி பாடம் ஒன்னு கெடச்சிருக்கு. அது நல்லதான்னு எப்படி பாக்குறது?
– தோட்டப் பாடசாலை ஆசிரியை, ஹட்டன்

பதில்: டீச்சர், மொதல்ல உச்சிய புடிச்சு இழுத்து பாருங்க. இருசமபக்க முக்கோணின்னு போட்டுட்டு இழுத்ததும் ரெண்டு பக்கமும் வேற வேற நீளமாச்சுன்னா அது வெறும் படம்தான், பாடத்துக்கு சரிவராது. அடுத்தது கோணங்கள கூட்டி பாருங்க, முழு எண்ணுக்கு மட்டந்தட்டி காட்டினா சிலநேரம் 179, 181ன்னு வந்துரும், பிள்ளை 180 பொய்னு நெனச்சிரும், அதனால தசமதானத்த கூட்டி வைங்க. எனக்கு ரொம்ப முக்கியமா படுறது என்னன்னா, இழுக்குறதுக்கு முன்னாடி "என்ன நடக்கும்னு நெனைக்கிற"ன்னு பாடம் பிள்ளைகிட்ட கேக்குதா, பொறகு ஃபோன மூடிட்டு சமாந்தரக்கோடு ஒன்னு வரைஞ்சு ஏன் 180ன்னு கொப்பியில நிறுவ சொல்லுதாங்குறதுதான், ஏன்னா நூறு முக்கோணிய இழுத்து பாத்தாலும் அது நிறுவல் ஆகாது.

தமிழ்நாட்டுல செஞ்சதுன்னா "முக்கோணம்", "வடிவியல்"னு இருக்கும், நம்ம புத்தகத்து சொல்லுக்கு மாத்திருங்க. சிக்னல் இல்லாத லயத்து பிள்ளைகளுக்காக ஆப்ப முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வச்சா டேட்டா இல்லாமலும் ஓடும். வகுப்புக்கு போக முன்னாடி நாலஞ்சு பிள்ளைகள்கிட்ட குடுத்து எந்த எடத்துல தடுமாறுதுகன்னு பக்கத்துல இருந்து பாருங்க.