லிஃப்ட் கேட்டே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக முடியுமா? செலவு குறையுமா?

முடியும், செலவும் நன்றாகவே குறையும். நான் அப்படிப் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லை வரைக்கும் லிஃப்ட் கேளுங்கள், தாண்டியதும் மறுபடி கேளுங்கள், எல்லையை மட்டும் முன்பின் தெரியாதவர் வண்டியில் உட்கார்ந்தபடி தாண்டாதீர்கள். கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, உங்கள் பையை நீங்களே தூக்கிக்கொண்டு நடந்து போங்கள்.

காரணம் எளிது. அந்த வண்டியின் டிக்கியில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. சோதனையில் ஏதாவது பிடிபட்டால் உள்ளே இருக்கும் எல்லோரையும்தான் உட்காரவைத்து விசாரிப்பார்கள், வழியில் ஏறினவன் என்பதைத் தெரியாத மொழியில் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. டிரைவர் பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் விசாவில் ஏதாவது கோளாறு என்றால் இந்த ஆளை ஏன் கூட்டி வந்தாய் என்ற கேள்வி அவர்மேல்தான் திரும்பும். நமக்கு உதவி செய்தவருக்கு அந்தத் தலைவலியைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு லாரி டிரைவர் நான் வாய் திறப்பதற்குள் எல்லைக்கு முன்னால் ஓரம் கட்டி, இங்கிருந்து நட என்று கையைக் காட்டினார், அவருக்கு இது பழகின விஷயம். தவிர, லாரிகளுக்கு வரிசையே வேறு. டிஐஆர் என்ற சர்வதேசச் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி சீல் வைத்த சரக்கோடு வருகிறவை, சாதாரணச் சரக்கு ஏற்றி வருகிறவை என்று எல்லாம் காகிதம் சரிபார்க்கக் காத்துக் கிடக்கும், மணிக்கணக்கில் ஆகலாம், சில இடங்களில் நாள்கணக்கிலும் ஆகும். நடந்து போகிறவருக்குப் பல இடங்களில் அவ்வளவு நேரம் பிடிக்காது.

ஆனால் சில எல்லைகளில் நடக்க விட மாட்டார்கள், இதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்தின் நோங் காயிலிருந்து லாவோஸுக்குப் போகும் முதல் நட்புப் பாலத்தில் நடக்க அனுமதி இல்லை, அதற்கென்று ஓடும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அர்ஜென்டினாவிலிருந்து சிலிக்குப் போகும் கிறிஸ்டோ ரெடென்டோர் சுரங்கப்பாதைக்குள்ளும் நடக்க முடியாது. பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் நடுவில் உள்ள குஞ்செராப் கணவாய் கிட்டத்தட்ட 4,700 மீட்டர் உயரம், அங்கே நம் இஷ்டத்துக்கு இறங்கி நடக்கிற பேச்சே கிடையாது, பாகிஸ்தான் பக்கத்துச் சோஸ்ட்டிலிருந்து சீனப் பக்கத்துத் தாஷ்குர்கானுக்குப் பஸ்தான். அதிலும் சீனா கடிகாரம் 3 மணி நேரம் முன்னால் ஓடும், மதியம்தானே ஆகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் அலுவலகம் மூடுகிற நேரமாகிவிடும். இந்த மாதிரி இடங்களுக்கான பஸ் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் விசா. கையில் விசா இருந்தால் போதாது, அது எந்த எல்லை வாயிலில் செல்லும் என்று பாருங்கள். வியட்நாம் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள், நீங்கள் தேர்ந்தெடுப்பது அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறோம் என்பதே குற்றமாகிற இடமும் உண்டு: ஜார்ஜியா தன்னுடையது என்று சொல்லும், ஆனால் அதன் கட்டுப்பாட்டில் இல்லாத அப்காசியாவுக்குள் ரஷ்யா வழியாகப் போனால், ஜார்ஜியாவின் 2008 சட்டப்படி அது தண்டனைக்குரியது, பின்னால் ஜார்ஜியாவுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கேட்பார்கள். வெளியேறும் முத்திரை போட்டார்களா என்பதைக் குடியேற்ற அதிகாரியின் ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் அடுத்த நாட்டு அதிகாரி முன்னால் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்கு நடுவில் வழக்கமாகப் பாஸ்போர்ட் சோதனை இருக்காது, அங்கே நான் சொன்ன இறங்கி நடக்கிற விதியும் தேவையில்லை. அங்கே கவலைப்பட வேண்டியது நாள் கணக்கைப் பற்றி. குறுகிய காலப் பயணம் என்றால் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான், 2025 அக்டோபரிலிருந்து கைரேகை எடுத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் முறை வேறு வந்துவிட்டது. அதிவேக நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதும் நடப்பதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம், பெட்ரோல் பங்க்கும் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் இடமும்தான் நமக்கு ஏற்றவை. நெதர்லாந்தில் லிஃப்ட் கேட்பவர்களுக்கென்றே பலகை நட்ட இடங்கள்கூட இருக்கின்றன.

பையில் சாப்பாடு இருந்தால் சிலிக்குள் நுழையும்போது கவனம், ஒரு பழம் விட்டுப்போயிருந்தாலும் சொல்லவில்லை என்று அபராதம் போடுவார்கள். படிவத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் பழத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

எல்லையைத் தாண்டியதும் வாசலிலேயே நிற்காதீர்கள், அங்கே டாக்ஸிக்காரர்கள்தான் மொய்ப்பார்கள். சாலை நேராகி, வண்டிகள் வேகம் பிடிப்பதற்கு முன்னால் ஓரம் கட்ட இடமுள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்புங்கள், டிரைவர் பார்க்கும்படியே எடுங்கள், நல்லவர் தப்பாக நினைக்க மாட்டார். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஏறாதீர்கள், காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. காசு உண்டா இல்லையா என்பதையும் கதவைத் திறப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள், மத்திய ஆசியாவில் சொந்தக் காரில் ஆள் ஏற்றிக் காசு வாங்குவது சர்வசாதாரணம், இறங்கும்போது பேசினால் இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான்.