கப்பல் காத்திருந்தும் நாயகன் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை?

தோ பாயோவில் வசிக்கும் வாசகி ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் நண்பர்கள் நால்வருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தி வருகிறார். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. கலவரமும் லஞ்சமும் மலிந்த ஒரு துறைமுக நகரில் கதை நடக்கிறது. மந்திரவாதியாக ஆடும் நண்பர், தம்மை வேட்டையாடும் ஊரில் தாம் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டு, அடுத்த கப்பலில் ஏறப் போவதாகச் சொல்கிறாராம். துறைமுகத்தை மூடிவிடலாமா என்பது வாசகியின் கேள்வி.

மூட வேண்டாம். வாயிலைப் பூட்டிவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து நால்வரும் பூட்டை உடைப்பதற்கே திட்டம் போடுவார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய கதை மேசையில் அப்படியே கிடக்கும். நண்பர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

பயோவேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட டிராகன் ஏஜ் 2 கணினி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லோதரிங் ஊர் அழியும் வேளையில் தப்பி ஓடும் ஹாக் குடும்பம், தாய் லியாண்ட்ராவின் பிறந்த ஊரான கர்க்வாலுக்கு வந்து சேர்கிறது. அங்கே தாய்மாமன் கேம்லன் குடும்ப மாளிகையை ஏற்கெனவே தொலைத்துவிட்டிருக்கிறார். ஊருக்குள் நுழைய இடம் கிடைத்ததற்கு ஈடாக, ஆடுபவர் ஏற்கும் நாயகப் பாத்திரமான ஹாக் ஓராண்டு கூலிப்படைக்கோ கடத்தல்காரர்களுக்கோ உழைக்க நேர்கிறது. அதன் பிறகு, பாதாளப் பயணம் ஒன்றில் பங்கு பெறுவதற்காக 50 பொற்காசு சேர்க்க வேண்டியிருக்கிறது. தாய்க்கு ஒரு வீடு, குடும்பத்துக்குப் பாதுகாப்பு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தொகை என்று முதல் பகுதியில் காரணங்கள் மிக உறுதியாக நிற்பதால், ஏன் போகவில்லை என்ற கேள்வியே எழுவதில்லை.

இரண்டாம் பகுதியில் மாளிகை திரும்பக் கிடைக்கிறது, பணமும் வருகிறது, பிறகு தாய் கொலையாகிறார். உடன்பிறந்தவரைப் பாதாளப் பயணத்துக்கு அழைத்துச் சென்றிருந்தால் அவரும் இறந்திருப்பார், அல்லது அரக்கர்களை எதிர்த்துப் போரிடும் கிரே வார்டன் படையில் சேர்ந்து விலகியிருப்பார். ஹாக் ஒரு மந்திரவாதி என்றால், மந்திரவாதிகளை அடக்கி ஆளும் டெம்ப்ளர் வீரர்களின் கை நாளுக்கு நாள் ஓங்கும் ஊரில் அவர் தொடர்ந்து இருப்பதற்குக் கதை வெளிப்படையாக ஒரு காரணமும் தருவதில்லை. எஞ்சியிருப்பது தோழமை மட்டுமே: காவல்படைத் தலைவியாகிவிட்ட அவலின், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆண்டர்ஸ், மதுக்கடையை விட்டு நகராத வாரிக். எனக்கு அது போதுமான காரணமாகவே படுகிறது. ஆனால் ஆடுபவர் அதைத் தாமாகவே நிரப்பிக்கொள்ள வேண்டியிருப்பது அந்த விளையாட்டின் குறை. தொடக்கத்தில் கொடுத்த காரணம் தீர்ந்துபோகும் இடத்தில் புதியது ஒன்று முளைத்திருக்க வேண்டும் என்பதையே நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நாயகன் இன்றிரவு கப்பல் ஏறினால் நாளைக் காலையில் யாருக்கு என்ன நேரும்? இதற்குப் பெயரோடும் முகத்தோடும் பதில் வர வேண்டும். "நகரம் அழியும்" என்பது பதிலாகாது. நகரத்துக்காக யாரும் இரவு முழுவதும் விழித்திருப்பதில்லை. மாறாக, சிறையிலிருந்து வெளிவந்த சித்தப்பா மகனுக்கு மந்திரவாதி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருவரும் காவல்மனையில் முகம் காட்ட வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் பையனை மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வைத்துப் பாருங்கள். கப்பல் துறையிலேயே நிற்கட்டும், பயணச்சீட்டும் மலிவாகவே கிடைக்கட்டும். அப்போதும் அவர் ஏற மாட்டார். அப்படியே ஏறினாலும், அந்த முடிவே உங்களுக்கு அடுத்த வாரக் கதையாகிவிடும்.

அச்சமும் ஆசையும் ஒருவரைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கும். முடியாத வழக்கு அதைவிட நெடுநாள் பிடித்து வைக்கும். கணவனை இழந்த கண்ணகிக்கு மதுரையில் உறவென்று யாரும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை. ஆனாலும் அரசவையில் சிலம்பை உடைத்துத் தன் கணவன் கள்வன் அல்லன் என்று நிறுவாமல் அவள் அந்த ஊரை விட்டு வெளியேறவில்லை. உங்கள் மந்திரவாதிக்கும் அப்படித் தீராத கணக்கு ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காரணத்தை நீங்களே எழுதி அவர் கையில் திணிக்காதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைப் பற்றி எழுதி வைக்கும் தாளில், குணங்களோடும் குறைகளோடும் சேர்த்துப் பிணைப்புக்கென்று, அதாவது அந்தப் பாத்திரம் யாரோடு அல்லது எதோடு கட்டுண்டிருக்கிறது என்று எழுத, ஒரு கட்டம் உண்டு. பலர் அதை ஒப்புக்கு ஒரு வரி எழுதி நிரப்பிவிடுகிறார்கள். வரும் சனிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கும் முன் அரைமணி நேரம் ஒதுக்கி, நால்வரும் அந்தக் கட்டத்தைப் புதிதாக எழுதட்டும். ஒருவருடைய பிணைப்பில் இன்னொருவரும் சம்பந்தப்பட்டிருந்தால் மிக நல்லது. ஜாமீன் பெற்ற பையன் திருடனாக ஆடுபவருக்குக் கடன்பட்டவனாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று அமர்வுக்கு ஒரு முறை அந்த வரியைப் பார்த்து, தீர்ந்துபோனதை அடித்துவிட்டு வேறொன்றை எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பர் போகத்தான் வேண்டும் என்றால், மந்திரவாதியைக் கௌரவமாக வழியனுப்பிவிட்டு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். ஜாமீனில் இருந்த அந்தப் பையனையே அவர் ஏற்று ஆடினால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.